ஐஸ் வைத்த ரத்தம்: மரக்காணம் உப்பளத்துக்கு இரண்டு முறை

2006 மார்ச்சில் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள் மரக்காணம் போனேன். ஊர் சுற்ற இல்லை, ரத்தம் வாங்க. புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவி நான். டி செல் என்பது ரத்தத்தில் சுற்றும் காவலாளி. கிருமி வந்தால் விழிக்க வேண்டும், மற்ற நேரம் அடங்கியிருக்க வேண்டும். அதை அடக்கி வைப்பதில் புரதமே செய்யாத நீளமான ஆர்.என்.ஏ. ஒன்றுக்கும் பங்கு உண்டா என்பதுதான் என் கேள்வி. வெயிலில் உழைப்பவர்களின் செல்களை உயிரோடு ஆய்வகம் சேர்த்தால்தான் பதில் கிடைக்கும்.

காலை 5.15 பஸ், ஈ.சி.ஆர். வழியாக 35 கிலோமீட்டர், டிக்கெட் 12 ரூபாய். 6.20-க்கு இறங்கி, சேகரின் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் உப்பளம். விடியலில் பாத்திகள் வெள்ளையாக மின்னும். அதற்காகவே ஒருமுறை போகலாம். அங்கே உப்பு வாரும் வள்ளியக்கா, பயந்துகொண்டிருந்த ஐந்து பேரைச் சமாதானம் செய்து, தானும் உட்கார்ந்தார். கூட வந்த நர்ஸ் ஆறு பேரிடமும் ரத்தம் எடுத்தார்.

திரும்பும் வழியில் நாங்கள் இட்லி சாப்பிடப் போன நேரத்தில் சேகர் ஒரு நல்ல காரியம் செய்தார். தினமும் மீன் கூடை ஏற்றுபவர் அவர். வெயில் படாமல் ரத்தத்தை வைத்திருந்த என் தெர்மோகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, கல்லுப்பையும் தூவி மூடிவிட்டார். உப்பு சேர்ந்த ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும். ஆய்வகத்தில் திறந்தால் ரத்தம் உறைந்து கட்டியாகிக் கிடந்தது. செல்கள் அத்தனையும் செத்திருந்தன. பெட்டி கனத்ததுகூட உறைக்காத மரமண்டை நான். ஆனாலும் போனில் சேகரைத்தான் கிழி கிழி என்று கிழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்குக் காலே எழவில்லை. மறுபடி கையை நீட்டுவார்களா?

“போன வாரம் குடுத்தது என்னாச்சும்மா?” என்றார் வள்ளியக்கா.

ரத்தம் பத்தவில்லை என்று புளுகியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நான்தான்க்கா ஐஸ் வெச்சேன். வெயில்ல கெட்டுடும்னு பயந்துட்டேன். மேடம் போன்ல செம திட்டு,” என்றார் சேகர், தலையைச் சொறிந்தபடி.

வள்ளியக்கா என் பக்கம் திரும்பினார். “ஐஸ் வெக்கக்கூடாதுன்னு இவன்கிட்ட சொன்னியா?”

“சொல்லலக்கா.”

“அப்புறம் இன்னாத்துக்குத் திட்டின? மொதல்ல அவன்கிட்ட சாரி சொல்லு. அப்புறம் ஊசி குத்து.”

எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. வள்ளியக்கா உட்கார்ந்து இன்னொரு கையை நீட்டினார். மற்ற ஐந்து பேரும் வரிசைக்கு வந்தார்கள்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், பத்துக்கு மேல் கண் கூசும். வரப்பில் செருப்பு வழுக்கும். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். என்னைப் போல ரத்தம் எடுத்து வருகிறவர் யாராவது இருந்தால், பெட்டியை மடியிலேயே வையுங்கள்.

அன்று மதியம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஆறு பேரின் செல்களும் உயிரோடு இருந்தன. சந்தோஷம் தாங்காமல் சேகருக்குப் போன் போட்டேன்.

“பின்ன? நம்ம வண்டில வந்ததாச்சே மேடம்!” என்றார்.