தடால் மேடத்தின் தம்பி

எங்கள் பாலிடெக்னிக்கில் மின் பாதுகாப்பு ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்தது. மாணவர்கள் வைத்த பெயர் 'தடால் மேடம்'. பக்கத்து மோட்டார் ஆய்வகத்துக்காரனான நான் அக்கா என்று கூப்பிடுவேன். எல்லார் மேலும் எரிந்து விழுகிற ஆள் நான். அவரிடம் மட்டும் அது செல்லாது.

பெயருக்குக் காரணம் உண்டு. மின்கம்பியில் கோளாறு வந்தால் ரிலே கண்டுபிடிக்கும். அது கட்டளையிட்டதும் பிரேக்கர் 'தடால்' என்று திறந்து மின்சாரத்தை வெட்டும். இரண்டுக்கும் நடுவே, அந்தக் கட்டளை போகும் வழியில், விரல் அகலத்தில் ஒரு பித்தளைப் பட்டை. ரிலேயைச் சோதிக்கும்போது ஊர் இருண்டுவிடாமல் இருக்க அதைத் திறந்து வைப்பார்கள். முடிந்ததும் மூட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இருட்டுவதற்கு ஊரா இருக்கிறது? ஆனாலும் அக்கா விடமாட்டார். பட்டையை மூடி, ரிலேயை இன்னொரு முறை இயக்கி, அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் மாணவர்களை வெளியே விடுவார்.

"மேடம், பஸ் போயிடும்."

"போகட்டும். சத்தம் வரட்டும்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அக்காவின் கணவர் லைன்மேன். தம்பி துணைமின்நிலையத்தில் ரிலே சோதிப்பவன். ஒருநாள் அக்காவின் மகளுக்கு வலிப்பு வந்தது. கணவர் கம்பத்தின் மேல் இருந்ததால் அக்கா தம்பிக்குப் போன் செய்தார். அவன் சோதனையை முடித்துவிட்டுத்தான் ஓடினான். பட்டையை மட்டும் மூடவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அன்று மாலை காற்றில் அறுந்த அந்த நிலையத்துக் கம்பி அக்காவின் கணவர் மேல் விழுந்தது. ரிலே கோளாறைக் கண்டது, கட்டளையும் கொடுத்தது. பிரேக்கருக்கு அது போய்ச் சேரவில்லை. அடுத்த கட்டப் பாதுகாப்பு விழித்துக்கொண்டு மின்சாரத்தை வெட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேலை போய், அவன் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தான். புருஷனைக் கொன்றவனுக்குச் சோறு போடுகிறாளே என்று பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்கே அவன் மேல் ஆத்திரம்தான். ஒருமுறை அக்காவிடம் வாய்விட்டுக் கேட்டும் விட்டேன்.

"கூப்பிட்டது நான்தானே?" என்றார். "அவன் ஓடி வரலைன்னா எம்பொண்ணு இருந்திருக்க மாட்டா. நான் யார் மேல கோவப்படுறது, சொல்லு."

அவன் சமைத்தான், துவைத்தான், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போனான். ஸ்விட்சை மட்டும் தொடமாட்டான். விளக்குப் போடக்கூட, "நீ போடும்மா" என்று மருமகளைத்தான் கூப்பிடுவான்.

ஆய்வக உதவியாளர் இடம் காலியானபோது, இந்த வேலையாவது அவனை மறுபடி மனுஷனாக்கும் என்று அக்கா நம்பினார். தலைகீழாக நின்று அவனைச் சம்மதிக்க வைத்தார். சொந்தத் தம்பி என்பதால் செய்முறைத் தேர்வு என் தலையில் விழுந்தது. அக்கா சுவரோரம் நின்று பார்த்தார்.

வேலை பிசகவில்லை. பட்டையைத் திறந்தான். மின்னோட்டத்தை ஏற்றினான். ரிலே இயங்கி, அதைக் காட்டும் சிவப்புக் கொடி விழுந்தது. பிறகு பட்டையை மூடி, திருகை இறுக்கி, மறுபடி இயக்கினான்.

தடால்.

அவன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவுதானேக்கா," என்றான். "ஒரு நிமிஷ வேலை. மூடிட்டு ஓடி வந்திருக்கலாமே."

அக்கா ஓடிவந்து அவன் தலையை அணைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ, நானும் அழுதேன்.

முழு மதிப்பெண் போட்டேன். வேலை உத்தரவும் வந்தது. அவன் வரவில்லை. அக்கா வழக்கம்போல வகுப்பெடுத்தார், சத்தம் வரும்வரை கதவை மறித்து நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா ஓடி வந்துடுவான்க்கா."

"வந்துடுவான்," என்றார். "அதனாலதான் கூப்பிடலை."