படத்தை நம்பி நான் விரட்டிய மனிதர்

போன வருஷம் ஐப்பசியில், இங்கே சொல்வதுபோல் துலா மாதத்து மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. நடத்தியது எங்கள் ஊர் இசை மன்றம். நான் அதில் செயற்குழு உறுப்பினர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, ஆரியசாலையில் வீடு, பாட்டு என்றால் உயிர். வாசலில் நின்று அழைப்பிதழைப் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்புகிற பொறுப்பு அன்று எனக்கு.

விழா ஒரு நடிகைக்கு. எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த ஒரு பாடகியின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருந்தார்கள். அதில் பாடகியாக நடித்தவர் அவர். என்ன நடிப்பு! விருதுமேல் விருது வாங்கினார். நான் மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அழுதேன். அதிலும் கச்சேரிக்குக் கிளம்பி நிற்கிற மனைவியைப் புருஷன் கன்னத்தில் அறைந்து, தம்புராவைத் தூக்கிப் போட்டு உடைக்கிற காட்சி. அந்தப் பெண் அழாமல், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே மெல்ல ஒரு ராகத்தை முணுமுணுப்பார். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது.

படம் வந்த பிறகு அந்தக் கணவரின் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. கரமனையில் இருக்கிறார், மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இவர்தான் அந்தப் பாவி என்று. நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன்.

அந்த மனிதர் அன்று வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் அழைப்பிதழ். பார்த்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. அழைப்பிதழை வாங்கக்கூட இல்லை.

"உயிரோட இருந்தப்ப பாட விடல. இப்ப மாலை வாங்கிக்க வந்துட்டீங்களா? போங்க சார், உங்களுக்கு இங்க இடமில்ல" என்று சத்தமாகவே சொன்னேன்.

வரிசையில் நின்ற முப்பது நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். "நன்னாயி சேச்சி", நல்லா கேட்டீங்க அக்கா என்று மலையாளத்தில் மெச்சினார் இன்னொருவர். அந்த மனிதர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். பிறகு அழைப்பிதழை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மீதி ஆட்களையும் அனுப்பிவிட்டு, பெரிய நியாயம் செய்துவிட்ட பெருமிதத்தோடு நான் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

தலைவர் பேசினார், டைரக்டர் பேசினார், சால்வை போட்டார்கள். கடைசியில் நடிகை மைக்கைப் பிடித்தார். மலையாளத்தில்தான் பேசினார். எடுத்த எடுப்பில், "சார் வந்திருக்காரா? நானே போன் செய்து கூப்பிட்டேனே" என்று கூட்டத்தில் தேடினார்.

யார் அந்த சார் என்று எங்களுக்குப் புரியவில்லை. நடிகையே சொன்னார். இரண்டு மாதம் தினமும் காலையில் கரமனை வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பாடகி அம்மா மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு கண்ணை மட்டும் எப்படி இடுக்குவார், மூச்சு எங்கே எடுப்பார், தாளம் போடும்போது சுண்டுவிரல் எப்படி விறைத்து நிற்கும், எல்லாவற்றையும் அந்தக் கணவர்தான் உட்கார்ந்து செய்து காட்டியிருக்கிறார். முப்பது வருஷம் ஸ்கூட்டரில் வைத்துக் கச்சேரி கச்சேரியாகக் கூட்டிப் போனவருக்குத் தெரியாதா? "நீங்கள் பாராட்டுவதெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்போ அந்த அடிக்கிற சீன்?"

நடிகை தலையைக் குனிந்துகொண்டார். "அது நடக்கவே இல்லை. எடுக்கும்போதே நான் கேட்டேன். கதைக்கு ஒரு வில்லன் வேணும்னு சொன்னாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் சிரித்தார். ஆமாம், சிரித்தார்.

வாசல் வரிசையில் நான் பேசியதைக் கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து வெளியே ஓடினேன். பஸ் நிற்கிற இடத்தில் கூட்டத்துக்குள் தேடி, வந்த கரமனை பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தேன். மூச்சு வாங்க, "சார், தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன்.

பரவாயில்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை.

"உங்க மன்னிப்பை வாங்கிண்டு நான் என்ன செய்யறது? அத்தனை பேர் முன்னாடி என்னைப் போகச் சொன்னேள். அத்தனை பேர் முன்னாடி அதை மாத்திச் சொல்லுங்கோ."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. மேடை ஏறி மைக்கைக் கேட்டேன். "அதெல்லாம் பின்னே நோக்காம் சேச்சி" என்று அப்புறம் பார்க்கலாம் என்பதாகத் தள்ளிப்போட்டார் தலைவர். நான் விடவில்லை, பிடுங்கிக்கொண்டேன். வாசலில் நான் என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது. இந்தத் தடவை ஒருவரும் கை தட்டவில்லை.

இறங்கும்போது டைரக்டர், "சினிமாவை சினிமாவா பார்க்கணும் மேடம்" என்றார்.

"போஸ்டர்ல உண்மைக் கதைன்னு போட்டது நானா?" என்று கேட்டேன்.

அந்த நடிகை மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. உண்மையைச் சொன்னார், சரி. ஆனால் எல்லா விருதையும் வாங்கிய பிறகல்லவா சொன்னார்? அதுவரை அந்த மனிதர் பால் வாங்கப் போன இடத்திலும் கோயிலிலும் முறைப்புகளை வாங்கிக்கொண்டிருந்தாரே!

மறுநாள் கரமனைக்குப் போனேன். கதவைத் திறந்தார். "சொன்னேளாமே, கேள்விப்பட்டேன்" என்றார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை? வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய நாலு குரூப்பிலும் நடந்ததை எழுதிப் போட்டேன். போட்டோவைப் பரப்பிய வேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பரப்புவதில் யாரும் காட்டவில்லை.

படம் இப்போதும் டி.வி.யில் ஓடுகிறது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் புதிதாக யாரோ சிலர் அந்த மனிதரை வெறுக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நான் மைக் பிடிக்க முடியாது என்பதுதான், ஒரு வருஷம் ஆகியும் என் நெஞ்சில் அடங்காமல் எரிகிறது.