ஒரு படம் தள்ளி

வீடியோ அறையில் அவருக்கு 'ஸ்கேல்' என்றுதான் பெயர். கால்பந்தில், பந்து உதைபடும் நொடியில் ஆட்டக்காரர் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நிற்கிறாரா, அதாவது ஆஃப்சைடா இல்லையா என்று பார்க்கத் திரையில் கோடு போடுவது அவர் வேலை. பதினோரு வருஷமாக மயிரிழை பிசகியதில்லை. வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. "உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு சுவருக்கு வாக்கப்பட்டிருக்கலாம்" என்பாள் மனைவி.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு கோல். சக ஆட்டக்காரர் பந்தை உதைத்த நொடியின் படத்தை நிறுத்தி, அதன்மேல் கோடு போட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு படங்கள். முதலாவதில் பந்து காலோடு இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் விலகியிருந்தது. மைதானம் கொதித்தது. "சீக்கிரம் தம்பி" என்றார் பக்கத்திலிருந்த வீடியோ நடுவர். ஸ்கேல் இரண்டாவதை எடுத்தார். கோல் அடித்தவரின் கால் நுனி கோட்டைத் தாண்டியிருந்தது. வீடியோ நடுவர் கோலை ரத்து செய்தார்.

ஊரே திட்டியது, அந்த வீடியோ நடுவரைத்தான். "அந்த ஆளு விலை போயிட்டான் மாமா" என்றான் மனைவியின் தம்பி. ஸ்கேல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன் பதிவைப் போட்டுப் பார்த்தார். முதல் படத்தில் கோடு போட்டால் கால் உள்ளேதான் இருந்தது. சுத்தமான கோல். 

விசாரணைக் குழுவில் மூன்று பேர். யார் தலையாவது உருள வேண்டும் அவர்களுக்கு.

"கோட்டைச் சரியாப் போட்டீங்களா?"

"சரியாத்தான் போட்டேன் சார்."

எந்தப் படத்தின்மேல் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தார். கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று மனசு பழமொழி எடுத்துக் கொடுத்தது. அந்த மனசை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

நடுவரை இனி எந்த ஆட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்களாம். இருபது வருஷம் விசில் ஊதிய மனிதர். வெளியே வந்து ஸ்கேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத தம்பி. உன் வேலையில குத்தமே கிடையாது. டிவியில அத்தனை பேரும் கோல்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் அப்படித் தெரியல? நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறேன்."



"போய்ப் பாத்துட்டு வாங்க சார்," என்றார் ஸ்கேல்.