இறங்குகிற கோடு

வைத்தியர் என் வயிற்றைப் பார்த்து நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் காலையில் நடக்கிறேன். ஒப்புக்கு நடந்தால் கைத்தொலைபேசி காட்டிக்கொடுத்துவிடும். என் வேகத்தை ஒரு கோடாகக் கீறி வைத்திருக்கும். நேற்று மனைவி அதை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, உந்தக் கோடு கீழை இறங்குது? பாதியிலை திரும்பி வந்திட்டியளோ?"

களைத்துப்போய் மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குக் குகன் நினைவுக்கு வந்துவிட்டான்.

குகன் பண்டத்தரிப்பு, நான் சண்டிலிப்பாய். உயர்தர வகுப்பில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் யுத்தமும் பொருளாதாரத் தடையுமான காலம். வரைபுத்தாள் கடைகளில் கிடையாது. பழைய கொப்பி ஒற்றைகளில் அடிமட்டம் வைத்து நாங்களே கட்டம் போடுவோம். என் கட்டங்கள் கோணல்மாணல், அவனுடையவை அச்சடித்தது போல இருக்கும். ஆனால் பௌதிகத்தில் அவனுக்கு என்மேல்தான் நம்பிக்கை. எனக்கும் என்மேல் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை.

சோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது வேக–நேர வரைபு ஒன்றைக் காட்டினான். கோடு மேலே ஏறி, பிறகு சரிந்து இறங்கியது.

"மச்சான், இதிலை என்ன நடக்குது?"

"இதென்ன பெரிய கேள்வி? கோடு இறங்கினால் ஆள் திரும்பி வாறான்."

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. ரவுணுக்கு வெளிக்கிட்டால் பொம்பர் விமானச் சத்தம் கேட்கும், சைக்கிளைத் திருப்புவோம். வகுப்புக்குப் போனால் செல்லடி, திரும்புவோம். பாதி வழியில் திரும்புவதே எங்களுக்குப் பழக்கம். தூரத்தைக் கீறிய வரைபென்றால் நான் சொன்னது சரி. வேகத்தைக் கீறிய வரைபில் கோடு இறங்கினாலும் ஆள் முன்னேதான் போகிறான், வேகம் மட்டும் குறைகிறது. எவ்வளவு கெதியாகக் குறைகிறது என்பதைத்தான் அந்தச் சாய்வு சொல்கிறது.

சோதனையில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. தொடங்கிய இடத்திலிருந்து ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? கோடு ஏறிய பகுதியின் தூரத்திலிருந்து இறங்கிய பகுதியின் தூரத்தைக் கழிக்கப் போன என் கை நின்றது. திரும்பி வருகிறவன் என்றால் கோடு பூச்சியத்துக்குக் கீழே அல்லவா போகவேண்டும்! கூட்டி எழுதினேன். இரண்டு மேசை தள்ளிக் குகன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கம்பஸுக்கு இடம் கிடைத்தது. அவனுக்குச் சில புள்ளிகளில் தவறியது. பெறுபேறு வந்த அன்று வீட்டுக்கே வந்து கை கொடுத்தான்.

"நீ சொல்லித் தந்த அந்த வரைபுக் கேள்வி முழுக்கச் சரி மச்சான். மற்றதிலைதான் எங்கையோ விட்டிட்டன்."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நான் சொல்லித் தந்ததே பிழை என்பதைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. குகனின் வீடு இருந்த வளவில் இப்போது பற்றைதான். அவனை விசாரிக்காத இடமில்லை, அவன் எங்கே என்று தெரிந்தவர்கள் எவரும் இல்லை. கடைசியாகக் கண்டது அந்த இடப்பெயர்வில், சாவகச்சேரிச் சந்தையடியில், சனத்துக்குள். சைக்கிளில் அரிசி மூட்டையை வைத்து உருட்டிக்கொண்டு போனான், பின்னால் தாய். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.