பௌர்ணமியன்று வராத ஆறு இலக்கம்

போன பௌர்ணமியன்று வீட்டில் ஒரு டேப்லெட்டில் மெசேஜ் வசதியைத் தொடங்க முயன்றேன். தோற்றேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கேளுங்கள்... அன்று சாயங்காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மல்லிகா பள்ளி ஆசிரியை. இருபத்தாறு வருடம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி. எடுத்துவிட்டார்கள். பதினைந்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவளிடம் இருப்பதோ பட்டன் போன். அதில் தமிழில் எழுத வராது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நித்யா ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். "அம்மா நம்பர்ல மெசேஜ் ஆப் போட்டுக் குடுங்கப்பா. ஈசிதான்."

ஈசி என்ற சொல்லைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன் நான். பார்சல் மூன்று நாள் பிரிக்கப்படாமல் கிடந்தது. "பௌர்ணமி வருது, நல்ல நாள், அன்னிக்குப் பிரிக்கலாம்" என்றேன். நாலு புத்தகம் படித்தவன், சோம்பேறித்தனத்துக்கு நாள் பார்த்தேன்.

இதற்குள் நித்யாவின் ஆபீசில் அவளைக் கேட்டிருக்கிறார்கள் — இரண்டு வருடம் ஜெர்மனி போகிறாயா? பௌர்ணமியன்று மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டுமாம். என் கருத்தை உடனே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

"அம்மா என்ன நினைக்கிறாங்கன்னு அம்மாவே சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

நியாயம்தான். ஸ்கூல் டூரிலிருந்து காலேஜ் வரை அவள் எதைக் கேட்டாலும் நான் ஒரு பதில் சொல்லி, 'அம்மாவும் அதேதான் சொல்றா' என்று முடிப்பது வழக்கம். மல்லிகாவைக் கேட்டீர்களா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அன்று மதியம் என் போனை நீட்டினேன். "இதுல எழுதேன்."

மல்லிகா நோட்டில் எழுதிக் காட்டினாள். 'உங்க நம்பர்ல இருந்து போனா நீங்க எழுதினதுன்னுதான் நினைப்பா. என் பேர்ல போகணும்.'

மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். வீட்டில் வைஃபை உண்டு; ஆப் சமர்த்தாக இறங்கியது. மல்லிகாவின் நம்பரைக் கொடுத்தேன். பட்டன் போனுக்கு ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடத்துக்குள் போடவும் என்றது.

வரவில்லை.

மறுபடி கேட்டேன். வரவில்லை. மூன்றே முக்காலுக்கு ஒன்று வந்தது — முதலில் கேட்டதற்கு. காலாவதி. நாலரைக்கு இன்னொன்று — அதுவும் காலாவதி. ஐந்து மணிக்கு டேப்லெட் கையை விரித்தது. பலமுறை முயன்றுவிட்டீர்கள், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வரவும்!

வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, மல்லிகா டேப்லெட்டோடு உள்ளறைக்குப் போனாள். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு நித்யா வைஃபை வழியாக என் போனில் அழைத்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட இருந்து ஒண்ணும் வரலியே? டைம் ஆவுதுப்பா. என்னதான் சொல்றாங்க?"

நாலு எட்டு வைத்தால் உள்ளறை. வைத்தேனா?

"அம்மாவும் அதேதான் சொல்றா" என்றேன்.

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஆறரைக்கு, பௌர்ணமிதோறும் மலை சுற்ற எங்கள் ஊருக்கு வரும் கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டுத் தெருமுனை மொபைல் கடைக்குப் போனேன். கடைக்கார ரஹீம் பாய் சிரித்தார்.

"இன்னா சார், உள்ளூர்க்காரரு நீங்க! பௌர்ணமி அன்னிக்குப் போயி ஓடிபி கேக்கறீங்களே? ஜனம் ஜாஸ்தி. டவரு எத்தினி பேருக்குத்தான் குடுக்கும்?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"டீச்சரம்மா நோட்டுலதான எழுதிக் காட்டறாங்க? அத்த உங்க போன்லயே போட்டோ புடிச்சு அனுப்பிச்சிருக்கலாமே சார். அம்மா கையெழுத்து பொண்ணுக்குத் தெரியாதா?"

தெரியும். நித்யாவின் லீவ் லெட்டரெல்லாம் மல்லிகா எழுதியதுதான்.

மறுநாள் காலை ஊர் காலி. எண் பத்து விநாடியில் வந்தது. மல்லிகா ஒற்றை விரலால் இருபது நிமிடம் எழுதினாள். என்னிடம் மறைக்கவும் இல்லை.

'போயிட்டு வாடி. கல்யாணமான புதுசுல எனக்கும் சென்னையில ஒரு வேலை கிடைச்சது. வேணாம்னு நானே சொன்னதாத்தான் இன்னும் எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க.'

பதில் உடனே வந்தது. 'நேத்தே முடியாதுன்னு சொல்லிட்டேன்மா. நீங்களும் வேணாம்னு சொன்னதா அப்பா சொன்னாரே?'

மல்லிகா டேப்லெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். நோட்டைக்கூடத் தேடவில்லை.

ஒருவருக்காக இன்னொருவர் பேசும் வசதி, எந்த ஆப்புக்கும் முன்பே நம் வீடுகளில் இருந்திருக்கிறது. அதற்கு ஓடிபியும் கேட்பதில்லை.

அன்று மத்தியானம் பக்கத்து அறையிலிருந்து அவளுக்கு, 'மன்னிச்சுக்கோ' என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. இரண்டு டிக்கும் நீலமாகின — படித்துவிட்டாள். இன்றோடு ஆறு நாள்.

படித்ததைக் காட்டிக்கொடுக்கும் அந்த நீல டிக் வசதியை மட்டும் நான் அணைத்து வைத்திருக்கலாம்.