கொழும்புத்துறைக்கு வந்த இணையத்தளம்

இதைக் கட்டுக்கதை என்று சொன்னால் என் சிநேகிதி நிஷானி என் முகத்தில் விழிக்கமாட்டாள். போன வருட மாரியில், யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், அவளுடைய வீட்டிலேயே நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தபாலில்தான் அது வந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு றாத்தல் பாண் அளவில் கறுப்புப் பெட்டி. வெளிநாட்டுக் கலைஞர்கள் சிலரின் வேலை. ஓர் இணையத்தளம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. எந்த வீட்டில் வயரைச் செருகுகிறார்களோ அந்த வீடு இருக்கும் நாடுதான் அப்போதைக்கு அதன் இருப்பிடம். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அடுத்த நாட்டுக்கு அனுப்பவேண்டும். தளத்தைத் திறப்பவர்கள் எங்கிருந்தும் மணி அடிக்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம். வீட்டிலிருப்பவர்களுக்குக் கேட்கும். பதில் பேச வழியில்லை. பெட்டியில் மைக் கிடையாது. இதெல்லாம் ஒரு கலையா என்று நான் கேலி செய்தேன். நிஷானி கணினி படிப்பிக்கிறவளல்லவா, ஆசைப்பட்டுக் கேட்டு எடுத்திருந்தாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. எங்கோ ஒரு குழந்தை மணியடித்துச் சிரித்தது. நிஷானியின் தாய் பியாட்றிஸ் கூடச் சிரித்தார். மகன் பிறேம் போனபிறகு அந்த வீட்டில் சிரிப்பே குறைவு. ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவன். வழியில் ஒரு லொறியில் ஏற்றினார்கள் என்பதுவரை தெரியும். எட்டு வருடமாகிறது... ஒரு தகவலும் இல்லை.

அன்று மழை. பின்னேரம் மூன்றேகாலுக்கு மணி அடித்தது.

மூச்சு வாங்கும் சத்தம். தகரத்தில் கையால் தட்டும் சத்தம். பிறகு ஓர் ஆண்குரல்.

"கதவைத் திறவுங்கோ..."

பேசுகிறவரின் நாடு எப்போதும் பெட்டியின் சின்னத் திரையில் விழும். இப்போது ஒன்றும் விழவில்லை.

மறுநாளும் மூன்றேகால்.

"மூச்சு முட்டுது... கதவைத் திறவுங்கோ..."

குசினியிலிருந்து பியாட்றிஸ் ஈரக்கையோடு வந்து நின்றார்.

"நிஷானி, உது தம்பி."

"இல்லை அம்மா. ஆரோ விளையாடுகினம்."

"நான் பெத்த பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியாதே?"

நிஷானிக்கும் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் பயமாக இருந்தது.

கலைஞர்களுக்கு எழுதினாள். பதில் வந்தது. அந்தக் குரல் முதல் வீட்டிலிருந்தே கேட்கிறதாம். என்ன மொழி என்று எவருக்கும் விளங்கவில்லையாம்.

இங்கே வருமுன் பெட்டி போனது ஐந்து நாடுகள். ஐந்து வீடுகளில் அவன் தட்டியிருக்கிறான்...

பியாட்றிஸ் சாப்பாட்டை விட்டார். பெட்டிக்கு முன்னாலேயே இருந்தார். இதற்கு மேல் அதை வீட்டில் வைத்திருந்தால் அம்மா மிஞ்சமாட்டார் என்று நிஷானி நினைத்தாள். மாதம் முடியுமுன்பே அனுப்பிவிட முடிவு செய்தாள்.

கடைசி நாள். மூன்றேகால். மணி.

தகரம் அதிர்ந்தது.

பியாட்றிஸ் குனிந்து பெட்டியில் வாயை வைத்தார்.

"வா மகன். கதவு திறந்துதான் கிடக்கு."

"அம்மா, கேக்காது. உதிலை மைக் இல்லை."

தட்டுவது நின்றது.

ஒரு நீண்ட மூச்சு...

"அம்மா?"

நிஷானி வயரைப் பிடுங்கினாள். ஏன் பிடுங்கினேன் என்று இன்றும் அழுகிறாள்.

பெட்டி அன்றே சிலிக்குப் புறப்பட்டது. அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு பியாட்றிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள்.

இந்த வருடம் மாசியில் சிலியிலிருந்து ஒரு மின்னஞ்சல். பெட்டியை வைத்திருக்கும் பெண் எழுதியிருந்தாள். ஆண்குரல் எதுவும் அங்கே கேட்கவில்லையாம். தினமும் மணியடித்து ஒரு வயதான பெண் பேசுகிறாளாம். என்ன சொல்கிறாள் என்று கேட்டு, முதல்நாள் பதிவு செய்ததையும் அனுப்பியிருந்தாள்.

நிஷானி அதைப் போட்டுக் கேட்டாள்.

மழைச் சத்தம். பிறகு...

"வா மகன். கதவு திறந்துதான் கிடக்கு."

பக்கத்துக் கதிரையில் பியாட்றிஸ் வாய் மூடியபடி இருந்தார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் முன்கதவை அகலத் திறந்துவைத்தார்.