துவைக்கிற கல்லின் பெயர்

என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. மர்டினா என்கிற பெயர் மட்டும் மறக்கவில்லை. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கல்லின் அடிப்பக்கத்தில் படித்தேன்.

ராயபுரத்தில் கல்மண்டபத்தைத் தாண்டி ஹார்பர் போகிற வழியில் பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. நைனா அதற்கு வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீடு, பாதிரியார் கொடுத்த அந்த வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் அதுவும் போய்விடும். நைனாவுக்கு முன்னால் இருந்தவர் ஒரு கல்லறையின் இரும்புச் சங்கிலியைக் கழற்றி விற்றதற்காகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தவர். அந்தக் கதையை நைனா அடிக்கடி சொல்வார். சொல்லும்போது மட்டும் பின்பக்கம் கிடந்த துவைக்கிற கல் இருக்கிற திசையில் திரும்பமாட்டார்.

நைனா வருவதற்கு வெகுகாலம் முன்பு ஏதோ ஒரு புயலில் மரம் விழுந்து சாய்ந்த கற்களை மதிலோரம் குவித்து வைத்திருந்தார்கள். எந்தக் கல் எந்தக் குழிக்கு என்று சொல்ல ஆள் இல்லை. அம்மா முழுகாமல் இருந்தபோது, தரையில் குந்தித் துவைக்க இடுப்பு விட்டுப்போகிறது என்று ஒரு நாள் சொன்னாள். நைனா அந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிப் புரட்டிக் கொண்டுவந்து, நான்கு செங்கல் வைத்து, எழுத்து கீழே போகும்படி குப்புறப் போட்டார்.

பெண் பிறந்தது. ஒன்பதாம் நாள் இறந்தது. பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானமும் ஆகவில்லை. ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு அந்த மதிலுக்குள் இடம் கிடையாது என்பது அங்கே இருந்த வழக்கம். காசிமேட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததாக நைனா சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. இங்கிலீஷ் எழுத்துகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய சமாசாரம் எனக்கு வேறு இருக்கவில்லை.

கல் ஆடுகிறது என்று நைனா ஒரு நாள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கலை நகர்த்தினார். நான் தரையோடு தரையாகப் படுத்து எழுத்துக் கூட்டினேன். எம், யு, ஆர், டி, ஐ, என், ஏ. சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

“யார்னா கேட்டா வாயத் தொறக்காத. வூடு பூடும்,” என்றார் நைனா.

தலையாட்டினேன். பிறகு சிலேட்டில் அதை எழுதி எழுதி அழித்தேன். மேரிகளும் ரோஸிகளுமாக இருந்த எங்கள் வகுப்பில் இப்படி ஒரு பெயர் இல்லை என்பதில் எனக்கு ஏதோ நானே சம்பாதித்ததுபோல ஒரு கர்வம்.

மழைக்காலம் முடிந்து ஒரு சனிக்கிழமை, மாமா ஒரு வெள்ளைக்கார அம்மாளை அழைத்துவந்தார். மாமா அம்மாவின் தம்பி. ஹார்பரில் இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. கப்பல்காரர்களோடு பழகிப் பழகி இங்கிலீஷ் முழுவதும் வந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஆம்பிளைச் செருப்பு, ஓலைத் தொப்பி, கக்கத்தில் தடித்த நோட்டு.

“மச்சான், இது இங்கிலீஸ்காரி இல்ல. அப்டிச் சொன்னா கோச்சுக்குது. ஸ்காட்லாந்தாம்,” என்றார் மாமா. “சொந்தக்காரங்க பேரையெல்லாம் எயுதிகினு, எவன் எங்க பொறந்தான், எங்க செத்தான்னு ஊர் ஊராத் தேடிகினு கீது. நாளைக்கு கப்பல் ஏறுதாம்.”

அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கம் பக்கமாகப் பெயர்கள், அவற்றை இணைத்துக் கோடுகள். மாமா விரல் வைத்துப் படித்தார். “வில்லியம் மவ வில்லியமினா. ஜேம்ஸு மவ ஜேம்ஸினா. டொனால்டு மவ டொனால்டினா. இன்னா மச்சான் இது, அப்பன் பேரத் தூக்கிப் பொண்ணு தலைல வெச்சிருக்காங்க.”

நைனா யோசித்துவிட்டுச் சொன்னார். “பையன் பொறப்பான்னு பேர ரெடி பண்ணியிருப்பாங்க. வந்தது பொண்ணு. பேர வீணாக்குவானேன்?”

மாமா அதை எப்படியோ சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தொப்பி சரியச் சிரித்தாள். எங்கள் தெருவில் ஒரு வேண்டாம்மாவும் ஒரு போதும்பொண்ணும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்தால் அப்பன் பெயர் எவ்வளவோ தேவலை என்று இன்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் தேடி வந்தது ஒரு குழந்தையின் கல்லை. அவளுடைய அப்பா மர்டோ, ஹார்பர் கட்டுகிற காலத்தில் இன்ஜினியராக வந்தவர். மூத்த பெண் இங்கே காய்ச்சலில் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டாள். அந்தப் பெண்ணின் பெயரை மாமா சொல்லும்போது நான் கேட் பக்கம் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தேன். என் காதில் விழவில்லை. நைனாவின் காதில் விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நைனா அவளை அழைத்துக்கொண்டு சுற்றியதைப் பார்க்கவேண்டும். மதிலோரத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போனார். கப்பல் மாலுமிகள், பாதிரிமார், பிரசவத்தில் போன பெண்கள் என்று ஒவ்வொரு கல்லாகத் தேங்காய் நாரால் தேய்த்துக் காட்டினார். பாதிக் கற்களில் எழுத்தே இல்லை. உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. நைனாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலால் என்று நான் நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு அவள் பெயரைச் சொன்னாள். மர்டினா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், தன்னுடைய கல்லைத் தொலைத்துவிட்டு இவ்வளவு தூரம் கப்பலில் வந்து தேடுகிறாள். பொருளுக்கு உடையவள் நேரில் வந்து நிற்கும்போது அதை ஒளித்துவைப்பது திருட்டு என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

“உங்க கல்லு எங்க வூட்லதான் கீது. அம்மா அதுலதான் தொவைக்கிது,” என்றேன்.

மாமா பழக்கதோஷத்தில் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டார். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நைனா என்னைப் பார்த்தார். அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அன்று அடித்திருக்கலாம் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

பின்பக்கம் அம்மா என் பாவாடையைக் கும்மிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையோடு கல்லைப் புரட்டினார்கள். வெளியே கிடந்த கற்களெல்லாம் மொட்டையாகிவிட்டபோது, இதன் எழுத்துகள் நேற்றுக் கொத்தியதுபோல இருந்தன. அந்தப் புயல் நாளிலிருந்து குவியலுக்கு அடியிலும் குப்புறவே கிடந்ததால் காற்றும் மழையும் தொடவில்லை. அவள் முட்டி போட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாதிரியாராண்ட சொல்லிட வேணாம்னு சொல்லுடா. தெரியாத்தனமா செஞ்சிட்டேன். புள்ளகுட்டிக்காரன்னு சொல்லு.”

மாமா சொன்னார். அவள் கல்லிலிருந்து கையை எடுக்காமலே ஏதோ சொன்னாள். “இவ்ளோ நாளு பத்திரமா வெச்சிகினு இருந்ததுக்கு தேங்க்ஸாம் மச்சான்,” என்றார் மாமா. அவள் கேலி செய்தாளா, மெய்யாகவே சொன்னாளா என்று நைனாவுக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை.

பிறகுதான் மாமா அவளிடம் கேட்டார், கல்லில் இருக்கிற பெயரே உன் பெயராக இருப்பது எப்படி என்று. அவள் சொன்னதை எங்களுக்குச் சொன்னார். “அவங்க ஊர்ல புள்ள செத்துட்டா, அந்தப் பேர அடுத்த புள்ளைக்கு வெச்சிருவாங்களாம். இது ரெண்டாவது மர்டினா. அக்கா பேரத்தான் இத்தினி வருசமா போட்டுகினு கீதாம்.”

சோப்புக் கையோடு நின்ற அம்மா, “செத்த புள்ளைக்கு இன்னா வயசுன்னு கேளு,” என்றாள்.

“ரெண்டாம்.”

“பேரு வெச்சாவது அனுப்பியிருக்காங்க,” என்றாள் அம்மா. மாமா அதை மொழிபெயர்க்கவில்லை.

கல் கிடைத்துவிட்டது. குழி எது? கல்லை எங்கே நடுவது? நைனா விழித்தார். அவருக்கு மட்டுமில்லை, அது யாருக்குமே தெரியாது. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அம்மா கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து நான் பார்த்தது அன்றுதான். வடக்கு மதில் மூலையில், பூவரச மரத்தடியில் போய் நின்றாள்.

“இங்கதான்.”

நைனா சட்டென்று கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். மண்ணில் ஐந்தாறு கிளிஞ்சல்கள் வட்டமாகப் பதிந்திருந்தன. எப்படித் தெரியும் என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“தெரியும்னு சொல்லு,” என்றாள் அம்மா.

அவள் கிளிஞ்சல்களைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். பாதிரியாரிடம் அவள் நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கவேண்டும், ஏனென்றால் நைனா வயதாகி விலகும்வரை அந்த வேலையில் இருந்தார்.

மறுநாள் நைனா அந்தக் கல்லை மரத்தடியில் நட்டார். அம்மா பழையபடி தரையில் குந்தித் துவைத்தாள். இடுப்பு வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பேர இன்னொரு தபா சொல்லு,” என்றாள்.

சொன்னேன். “மட்டினா,” என்றாள். அப்படியில்லை என்று திருத்தினேன். “மருடினா.” அதுவும் இல்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, டீச்சர் மாதிரி ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். சரியாக வந்ததும் எழுந்து, ஒரு முழம் மல்லிகையை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனாள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் குழந்தைக்குப் பூவா என்று நான் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

நைனா காலமான பிறகு அம்மா சொன்னாள். காசிமேட்டுக்கு யாரும் போகவில்லை. நைனா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய் அந்த மூலையில்தான் வைத்தார். அடையாளம் வைத்தால் வேலை போய்விடும் என்று அம்மா கிளிஞ்சல் மட்டும் பதித்தாள். என் தங்கையைப் பெயர் சொல்லி அம்மா முதல்முதலாக அழைக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, உச்சரிப்பு சரியில்லை என்று நான் அவளைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறேன்.